ஆடு ஒதுங்கிப் போக இடம் இருக்கிறதா?

ஏழு வயது மகளைக் கோடை விடுமுறையில் பண்ணை விலங்குகளும் காட்டுயிர்களும் சார்ந்த பகல்நேர முகாம் ஒன்றில் இரண்டு வாரம் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நோய் தொற்றுமோ, கடித்துவிடுமோ என்பது உங்கள் முதல் கவலை. ஆட்டுக்குட்டியோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புவதைத் தவிர அங்கே என்ன கற்றுக்கொள்வாள் என்பது அடுத்தது. கோழி பக்கத்தில் வந்தாலே உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற பெண் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

சேர்க்கலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். முகாம் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில், பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது போக வேண்டும். காலியான கொட்டிலைச் சுற்றிக் காட்டினால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். பதினான்கு கோடைகளாக இப்படிப்பட்ட முகாம்களில் விலங்குகளின் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். ஒரு புதிய இடத்துக்குப் போனால் சுவரில் வரைந்த படங்களையோ விலங்குகளின் எண்ணிக்கையையோ நான் பார்ப்பதில்லை. பிள்ளைகள் சூழ்ந்துகொண்டபோது ஓர் ஆட்டுக்கு ‘போதும்’ என்று தோன்றினால் அது ஒதுங்கிப் போக இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். பட்டிக்குள் ஒரு மூலையையாவது தடுத்து, ஆடு நுழையும் அளவுக்கு மட்டும் சந்து விட்டு, பிள்ளைகள் அங்கே போகக் கூடாது என்று விதி வைத்திருப்பார்கள். அல்லது உயரமான மேடை ஒன்று இருக்கும். அது இருந்தால் மற்றவற்றில் பாதி சரியாக இருக்கும் என்பது என் அனுபவம். இல்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அந்த இடத்தைப் பரிந்துரைப்பதில்லை.

இதற்குக் காரணம் விலங்கின் உடம்பிலேயே இருக்கிறது. ஆடு, மாடு, குதிரை, முயல் எல்லாம் இரையாகப் பிறந்தவை. ஆட்டின் கண்மணி கிடைமட்டமான கோடு போல இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தலையைத் திருப்பாமலே 300 பாகைக்கும் மேல் அதற்குத் தெரியும். குதிரைக்கும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் நேர் பின்னாலும் மூக்குக்கு அடியிலும் தெரியாது. அதனால்தான் பின்பக்கமாக ஓடிவரும் குழந்தையைக் கண்டு அது உதைக்கிறது. மந்தை விலங்கு ஒவ்வொன்றுக்கும் தன்னைச் சுற்றி ஒரு தொலைவு உண்டு. அதற்குள் யாராவது நுழைந்தால் விலகும், நுழைந்தவர் பின்வாங்கினால் நின்றுவிடும். கால்நடைகளைக் கையாளும் முறைகளை மாற்றியமைத்த டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்க விலங்கு அறிவியலாளர் இந்த விலகு தொலைவைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். பழகிய மாட்டுக்கு அது ஒரு கை நீளம் கூட இருக்காது. புதிதாக வந்த மாட்டுக்கு பல அடிகள் இருக்கும். விலகப் பார்க்கும் விலங்கைச் சுவரோடு சேர்த்து நிறுத்திவிட்டால் அதற்கு மிஞ்சுவது முட்டுவதும் கடிப்பதும் உதைப்பதும்தான். முகாம்களில் நான் மருந்து போட்ட காயங்களில் பெரும்பாலானவை கயிற்றில் கட்டப்பட்ட விலங்கும் மூலையில் மாட்டிக்கொண்ட விலங்கும் ஏற்படுத்தியவை. திறந்த வெளியில் மேய்ந்த விலங்குகளால் வந்தவை மிகக் குறைவு.

இதை ஏழு வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க முடியும், அதுவும் முதல் நாளே. நான் செய்வது இதுதான்: ஐந்து பிள்ளைகளை ஒரு பசுவிலிருந்து பதினைந்து அடி தள்ளி நிறுத்துவேன். ஒவ்வொருவராக மெதுவாக நடக்க வேண்டும். பசு தலையைத் தூக்கினால் நிற்க வேண்டும். காதைத் திருப்பினால் ஓர் அடி பின்வாங்க வேண்டும். மறுபடி மேயத் தொடங்கினால் மறுபடி நடக்கலாம். அரை மணி நேரம் இதிலேயே போகும். யாரும் பசுவைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஐந்து பேரும் எந்த விலங்கிடம் போனாலும் முதலில் அதன் காதைத்தான் பார்ப்பார்கள். வீட்டில் நாய் வளர்க்கும் பிள்ளைகள்கூட அன்று மாலை தங்கள் நாயை வேறு மாதிரி பார்த்ததாக வந்து சொல்லியிருக்கிறார்கள்.

முயலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முகாம்களில் மிக அதிகமாக வதைபடுவது அதுதான். மெத்தென்று இருக்கிறது, சத்தம் போடாது, மடியில் வைத்தால் அசையாமல் கிடக்கிறது. ஆகவே கைக்குக் கை மாறிக்கொண்டே இருக்கும். அந்த அசையாமையைச் சுகம் என்று நினைத்துவிடுகிறோம். முயலை மல்லாக்கப் போட்டால் அது விறைத்து அடங்கிப்போவது பிடிபட்ட இரையின் கடைசித் தற்காப்பு. உள்ளே இதயம் படபடத்துக்கொண்டிருக்கும். தரையிலிருந்து தூக்கப்படுவது அதன் உடம்புக்குத் தெரிந்த வரையில் பருந்தின் நகத்தில் சிக்குவதற்குச் சமம். எலும்பு மிக லேசு, பின்னங்கால் தசை மிகப் பலம். தூக்கியவர் பின்பக்கத்தைத் தாங்காமல் விட்டு முயல் ஒரு துள்ளுத் துள்ளினால் அதன் முதுகெலும்பே முறியும். வெயிலும் அதற்கு ஆகாது. நல்ல இடத்தில் முயல் தரையில் இருக்கும், நுழைந்து ஒளிய பெட்டியோ குழாயோ இருக்கும், பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். தழையோடு காத்திருக்கும் பிள்ளையிடம் முயல் வந்தால் வந்தது, வராவிட்டால் அன்றைக்கு இல்லை. முயல்கள் கைக்குக் கை மாறுவதை நீங்கள் பார்த்தால் வாசலிலேயே திரும்பிவிடுங்கள்.

கற்றுக்கொள்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தொட்டுப் பார்ப்பதிலிருந்து பிள்ளைகள் கற்பது கொஞ்சம்தான், முதல் ஐந்து நிமிடத்தோடு அது முடிந்துவிடும். வேலை செய்வதிலிருந்து கற்பதற்கு அளவில்லை. 1902இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமப் பிள்ளைகளுக்காக ஒரு குழு தொடங்கினார். பிள்ளைகள் தாங்களே மக்காச்சோளம் பயிரிட்டார்கள், மண்ணைச் சோதித்தார்கள், குறிப்பெழுதினார்கள். பிற்காலத்தில் ‘ஃபோர்-எச்’ (4-H) என்று பரவிய இளையோர் இயக்கத்தின் வேர் அதுதான். ஓர் உயிருக்கான அன்றாட வேலையைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவது என்ற அந்த எண்ணத்தை விடச் சிறந்ததை இத்தனை ஆண்டுகளில் நான் கண்டதில்லை.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கறவைப் பசு நாளொன்றுக்கு 60 முதல் 100 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும்; வெயில் கடுமையாக இருந்தால் இன்னும் கூடும். இதை வாயால் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் மனதில் தங்காது. இருவருக்கு ஒரு வாளி என்று கொடுத்து, குழாயடியிலிருந்து தொட்டிக்கு ஐந்து ஐந்து லிட்டராகச் சுமந்து ஊற்றச் சொன்னால் பன்னிரண்டு நடையில் 60 லிட்டர் ஆகும். பன்னிரண்டாவது நடையில் ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: “இவ்வளவும் எங்கே போகிறது?” அங்கே ஆரம்பிக்கிறது பாடம். பாலில் பெரும்பகுதி தண்ணீர், சாணத்திலும் பெரும்பகுதி தண்ணீர். சிறுநீராகவும் மூச்சாகவும் வேர்வையாகவும் போவது மிச்சம். பிறகு பசு படுத்து அசைபோடும்போது கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு கவளத்துக்கு எத்தனை மெல்லல் என்று எண்ணுவார்கள். ஒரு நாளில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பசு இந்த ஒரே வேலையில் இருக்கிறது என்று அப்போது சொன்னால் நம்புவார்கள், கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதால்.

பால் கறப்பதும் அப்படித்தான். எல்லாப் பிள்ளைகளும் முதலில் காம்பைப் பிடித்து இழுப்பார்கள், ஒரு சொட்டும் வராது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காம்பின் அடியை, மடியோடு சேரும் இடத்தில் அடைத்துவிட்டு மற்ற விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூட வேண்டும். அடைக்காவிட்டால் பால் மேலே மடிக்கே திரும்பிவிடும். கையுறையில் தண்ணீர் நிரப்பி, விரல் நுனியில் ஊசித்துளை போட்டுத் தொங்கவிட்டு முதலில் அதில் பழக்குவோம். பசு பொறுமையான பசுவாக இருக்க வேண்டும், பக்கத்தில் அதை வளர்த்தவர் நிற்க வேண்டும், இரண்டு மூன்று பிள்ளைகளோடு அந்த நாளுக்கு நிறுத்திவிட வேண்டும். இருபது பிள்ளைகளும் வரிசையில் நின்று கறந்தார்கள் என்று ஒரு முகாம் பெருமையாகச் சொன்னால், அந்தக் காம்புகள் என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கறந்த பச்சைப் பாலை யாருக்கும் குடிக்கக் கொடுக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

குஞ்சு பொரிப்பதைக் காட்டுவதாகப் பல முகாம்கள் விளம்பரம் செய்கின்றன. கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள் ஆகும். இரண்டு வார முகாமில் முதலிலிருந்து கடைசிவரை பார்க்க முடியாது. பொறுப்புள்ளவர்கள் ஒரு வாரம் முன்னதாகவே முட்டைகளை வைத்துவிடுவார்கள். ஏழாம் நாள் முட்டையை இருட்டறையில் விளக்கின் முன் பிடித்தால் சிவந்த நரம்புகள் சிலந்திவலை போலப் பரவியிருப்பதும் நடுவில் ஒரு புள்ளி துடிப்பதும் தெரியும். ஒன்றும் தெரியாமல் வெறுமனே ஒளிர்ந்தால் அது கூமுட்டை. குஞ்சு ஓட்டில் முதல் கீறல் விட்டதிலிருந்து வெளியே வர ஒரு பகல் முழுக்கக்கூட ஆகலாம். பிள்ளைகளுக்குப் பொறுக்காது, ஓட்டைக் கொஞ்சம் பிய்த்துவிடலாமா என்று கெஞ்சுவார்கள். ஓட்டின் உள்தோலில் இருக்கும் இரத்தமும் மஞ்சள்கருவின் மிச்சமும் குஞ்சின் உடம்புக்குள் போய்ச் சேரத்தான் அந்த நேரம். அவசரப்பட்டுப் பிய்த்தால் குஞ்சு இரத்தம் சிந்திச் செத்துப்போகும். அதைச் சொன்னதும் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆனால் அந்த முகாமிடம் நீங்கள் ஒன்று கேட்டாக வேண்டும்: முகாம் முடிந்ததும் இந்தக் குஞ்சுகள் எங்கே போகும்? தயங்காமல் பதில் வர வேண்டும். பாதிக் குஞ்சுகள் சேவலாகத்தான் இருக்கும் என்பதை அவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

இனி உங்கள் முதல் கவலைக்கு வருகிறேன். நோய் தொற்றும் வாய்ப்பு உண்மையிலேயே உண்டு. அதை மறைத்துப் பேசும் எவரையும் நம்பாதீர்கள். ஆடு மாடுகளின் குடலில் ஈ. கோலை ஓ157 என்ற பாக்டீரியா அவற்றுக்கு ஒரு தொல்லையும் தராமல் வாழும். ஒரு சிறு பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் இரத்தப் பேதியாகத் தொடங்கிச் சிலருக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். 2009இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிள்ளைகள் விலங்குகளைத் தொட்டு விளையாடும் பண்ணை ஒன்றில் இது பரவி 93 பேர் பாதிக்கப்பட்டார்கள், பெரும்பாலானவர்கள் குழந்தைகள். கன்றுக்குட்டிகளிடமிருந்து கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி வரும். கோழிக்குஞ்சு, வாத்துக்குஞ்சு, ஆமை, பல்லி வகைகளிடமிருந்து சால்மொனெல்லா வரும். செம்மறியாட்டிடமிருந்தும் வெள்ளாட்டிடமிருந்தும் விரலில் கொப்புளம் போடும் ஒருவகை அம்மை, கன்றுகளிடமிருந்து படர்தாமரை ஆகியவையும் உண்டு. குட்டி ஆமைகளை வாயில் வைத்த பிள்ளைகளுக்குச் சால்மொனெல்லா தொற்றிக்கொண்டே இருந்ததால், நான்கு அங்குலத்துக்கும் சிறிய ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இலேயே தடை செய்தது.

இத்தனையும் உடம்புக்குள் போகும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்: கையிலிருந்து வாய்க்கு. ஆகவே தடுக்கும் வழியும் எளியது. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். விலங்குப் பகுதியை விட்டு வெளியே வரும் வாசலிலேயே, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் குழாய் இருக்க வேண்டும். ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கைகளில் தேய்த்துக்கொள்ளும் கிருமிநாசினித் திரவம் இதற்கு மாற்று ஆகாது. சாணமும் மண்ணும் ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்வதில்லை, கிரிப்டோஸ்போரிடியத்தை அது கொல்வதும் இல்லை. சாப்பிடும் இடம் விலங்குகளிடமிருந்து தனியாக இருக்க வேண்டும். விலங்குப் பகுதிக்குள் தின்பண்டம், தண்ணீர்ப் போத்தல், விரல் சூப்புதல் எதுவும் கூடாது. நீங்கள் போய்ப் பார்க்கும்போது குழாயடியில் சோப்பு இருக்கிறதா என்று நேராகப் போய்ப் பாருங்கள். சோப்பு தீர்ந்துபோய்க் காய்ந்து கிடக்கும் குழாயடியை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் மற்ற விதிகள் எல்லாம் காகிதத்தில்தான் இருக்கும்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்களை உடன் அனுப்பாதீர்கள். கடும் பாதிப்பு பெரும்பாலும் அந்த வயதினருக்குத்தான் வருகிறது. உங்கள் மகளுக்கு ஆஸ்துமா இருந்தால் வைக்கோல் தூசியும் குதிரை முடியும் அதைத் தூண்டலாம். மருந்தை அவள் பையில் போட்டு அனுப்பினால் போதாது, பொறுப்பாளர் கையிலும் ஒன்று இருக்கட்டும். தேனீக் கொட்டுக்குக் கடும் ஒவ்வாமை இருந்தாலும் அப்படியே. டெட்டனஸ் தடுப்பூசி காலம் தவறாமல் போடப்பட்டிருக்க வேண்டும். முகாம் முடிந்த பத்து நாட்களுக்குள் பேதி வந்தால், குறிப்பாக இரத்தம் கலந்திருந்தால், பேதியை நிறுத்தும் மருந்தை நீங்களாகக் கொடுக்காமல் மருத்துவரிடம் போங்கள். விலங்குகளோடு இருந்தாள் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ‘பண்ணையில் வளரும் பிள்ளைகளுக்கு ஒவ்வாமை குறைவு, அதனால் கொஞ்சம் அழுக்கு நல்லதுதான்’ என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து தொழுவத்தோடு வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு முடிவுகள் அவை. இரண்டு வாரம் வந்துபோகும் பிள்ளை கை கழுவாமல் இருப்பதற்கு அவை நியாயம் ஆகா.

காட்டுயிர் என்று வரும்போது என் விதி இன்னும் கடுமையானது. பண்ணை விலங்கு பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு பழகிய இனம், சரியாக வளர்த்தால் நம் கையை அது பொறுத்துக்கொள்ளும். காட்டுயிருக்கு அந்த வரலாறு கிடையாது. ஆந்தையைத் தடவிப் பார்க்கலாம், மலைப்பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம், தேவாங்கை ஏந்தலாம் என்று விளம்பரம் செய்யும் முகாமுக்கு அனுப்பாதீர்கள். ஆந்தை இரவில் விழித்திருக்கும் பறவை, பகல் வெளிச்சத்தில் கைகளுக்கு நடுவில் அது படும் அவதி முகத்தில் தெரியாது. தேவாங்குகளில் ஒரு வகையான தென்கிழக்காசிய மெது தேவாங்குக்கு முழங்கை அருகில் நச்சுச் சுரப்பி இருக்கிறது; அதை நக்கி எச்சிலோடு கலந்து கடிக்கும். மாட்டிக்கொண்டபோது அது கைகளைத் தலைக்கு மேல் தூக்குவதைப் பார்த்து ‘கூச்சப்படுகிறது’ என்று சிரிப்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் கனத்துவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. காயம்பட்டு மீட்கப்பட்டு, இறக்கை முறிந்ததாலோ மனிதர் கையில் வளர்ந்துவிட்டதாலோ திரும்பக் காட்டுக்கு விட முடியாத உயிர்களைச் சில மையங்கள் உரிய அனுமதியோடு பராமரிக்கின்றன. அவற்றைத் தள்ளி நின்று காட்டி அதன் கதையைச் சொல்வார்கள். கொன்ராட் லோரென்ஸ் என்ற ஆஸ்திரிய அறிஞரின் பின்னாலேயே நடந்த, ‘கூஸ்’ எனப்படும் பெரிய வகை வாத்தின் குஞ்சுகளின் கதையை இங்கே சொல்லலாம். பொரித்ததும் முதலில் கண்ட அவரையே தாய் என்று கொண்டு அவை அவர் போன இடமெல்லாம் போயின. விலங்கு நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். குஞ்சுகள் பின்தொடர்வது கேட்க இனிமையாக இருக்கும். அந்தக் குஞ்சு வளர்ந்து தன் இனத்தோடு சேரத் தெரியாமல் நின்றால் என்ன ஆகும் என்று கேட்டால் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். எடுத்து வளர்ப்பதெல்லாம் உதவி ஆகிவிடாது என்பது அப்போது அவர்களுக்குப் புரியும்.

கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைப் பற்றி எல்லா ஆண்டும் ஒரு பிள்ளை கேட்கும். மனித வாசனை பட்டால் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும் என்பது பரவலான நம்பிக்கை, ஆனால் உண்மை இல்லை. இறகு முளைக்காத குஞ்சு என்றால், கூடு தெரிந்தால் பெரியவர் ஒருவர் எடுத்து மெல்ல அதில் வைத்துவிடலாம். இறகு முளைத்துத் தத்தித் தத்தித் திரியும் குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது. பெற்றவை பக்கத்தில்தான் இருக்கும், நாம் போனால்தான் அவை வரும். பூனையையும் நாயையும் விலக்கிவிட்டு நாமும் விலக வேண்டும்.

தொடாமலேயே காட்டுயிர் வகுப்பு எவ்வளவு நிறைந்ததாக இருக்க முடியும் என்பதற்கு ஆந்தையின் கக்கலைச் சொல்வேன். எலியை முழுதாக விழுங்கும் ஆந்தை, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாக்கி வாய் வழியே வெளியே தள்ளும். அதைச் சூடாக்கிக் கிருமி நீக்கி, ஆளுக்கு ஒன்று, ஒரு இடுக்கி, ஒரு கறுப்புத் தாள் கொடுத்தால் ஒரு மணி நேரம் கூடத்தில் பேச்சே இருக்காது. மண்டையோடு, தாடை, விலா என்று எடுத்து அடுக்குவார்கள். ஓர் உருண்டைக்குள் மூன்று தாடை கிடைத்த பிள்ளை ஒரே இரவில் எத்தனை எலி என்று கணக்குப் போடும். அடுத்து ஈர மண்ணில் கால்தடம் தேடி அதில் சாந்து ஊற்றி வார்ப்பெடுப்பது. பிறகு குளத்து நீரை வெள்ளைத் தட்டில் ஊற்றி நெளிவதையெல்லாம் பார்த்துவிட்டு அதே குளத்தில் திரும்ப விடுவது. தவளையின் தோல் வழியே எல்லாம் உள்ளே போகும். வெயில் களிம்பும் கொசு மருந்தும் தடவிய கையால் தவளையையோ தலைப்பிரட்டையையோ பிடிக்கக் கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பாளர் இருந்தால் அவர் விஷயம் தெரிந்தவர் என்று தைரியமாக நினைக்கலாம்.

வெளவாலோ வேறு பாலூட்டிக் காட்டுயிரோ தரையில் கிடந்தால் பிள்ளைகள் தொடாமல் ஓடிவந்து சொல்ல வேண்டும் என்ற விதி முதல் நாள் காலையிலேயே சொல்லப்பட வேண்டும். வெளவால் கடித்த தடம் கண்ணுக்குத் தெரியாமல்கூட இருக்கும். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டுத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடி நோய் (ரேபிஸ்) நாயிடமிருந்து மட்டுமல்ல, இவற்றிடமிருந்தும் வரலாம். அதற்குத் தடுப்பு உண்டு, நோய் தலைகாட்டிய பிறகு ஏறக்குறைய எதுவும் செய்ய முடியாது. முகாமில் இதற்கு யார் வண்டி எடுப்பார்கள், எந்த மருத்துவமனை என்று கேளுங்கள்.

ஆள் கணக்கும் முக்கியம். அமெரிக்க முகாம் சங்கம் வகுத்துள்ள அளவுப்படி பகல்நேர முகாமில் ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு ஒரு பொறுப்பாளராவது வேண்டும். விலங்குகளோடு இருக்கும் நேரத்தில் அதுவும் போதாது என்பது என் கருத்து. ஒருவர் பிள்ளைகளைப் பார்க்க, ஒருவர் விலங்கைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒருவரே பார்ப்பதாகச் சொன்னால் ஏதோ ஒன்றைப் பார்க்கவில்லை என்றுதான் பொருள். பொறுப்பாளரிடம் நான் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: “நேற்று எந்த விலங்குக்கு ஓய்வு கொடுத்தீர்கள்?” நன்றாக நடக்கும் இடத்தில் உடனே பெயர் சொல்வார்கள். இந்த ஆட்டுக்குக் காலில் புண், அந்தக் குதிரை நேற்று காலையிலிருந்தே காதைப் பின்னால் மடித்துக்கொண்டிருந்தது என்று விவரம் வரும். ‘எங்கள் விலங்குகளுக்குப் பிள்ளைகள் என்றால் உயிர், ஓய்வே வேண்டாம்’ என்று பதில் வந்தால் கேட்டது போதும். கோடைக்காக மட்டும் வாடகைக்குக் கொண்டுவந்த விலங்குகளா என்பதையும் கேளுங்கள். அவற்றை அங்குள்ள யாருக்கும் தெரியாது, அவற்றுக்கும் யாரையும் தெரியாது. வெயில் ஏறும் நேரத்தில் விலங்குகளும் பிள்ளைகளும் நிழலில் தனித்தனியாக இருக்கும்படி நேர அட்டவணை இருக்க வேண்டும். கோழிக்கு வேர்க்காது. அதன் உடல் வெப்பமே 41 டிகிரிக்கு மேல், வாயைப் பிளந்து இரைத்தால் அது தவிக்கிறது.

‘இந்த ஆட்டைப் பிறகு என்ன செய்வார்கள்?’ என்று உங்கள் மகள் ஒரு நாள் கேட்பாள். இறைச்சிக்காக வளர்ப்பது என்றால் அதைப் பொய் சொல்லி மறைக்காத முகாமே நல்லது. வீட்டில் என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்பதை நீங்களும் முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். முகாமின் நடுவில் ஒரு குஞ்சோ குட்டியோ இறந்துபோவதும் உண்டு. பிள்ளைகள் வருவதற்குள் இரகசியமாக அப்புறப்படுத்தும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. சொல்லிவிட வேண்டும், அழுபவர்கள் அழுவார்கள், சிலர் ஏன் இறந்தது என்று கேட்பார்கள்.

கடைசியாக, அவள் பயத்தைப் பற்றி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவன் இரண்டு வாரமும் பட்டிக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே வா என்று யாரும் அவனை அழைக்கவில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, தீவனம் போடும்போது எந்த ஆடு முதலில் வருகிறது, எது கடைசி என்று எழுதச் சொன்னேன். நான்கு நாள் எழுதினான். ஐந்தாம் நாள் நோட்டைக் காட்டி, “கறுப்பாடு முந்தாநாள் இரண்டாவதாக வந்தது, இன்றைக்குக் கடைசி, முட்டி போட்டுக்கொண்டு சாப்பிடுகிறது” என்றான். முன்னங்காலை மடித்து முட்டி போட்டு மேயும் ஆட்டுக்குக் குளம்பில் கோளாறு இருக்கும். தூக்கிப் பார்த்தபோது குளம்பிடுக்கில் அழுகல் தொடங்கியிருந்தது. தினமும் அந்த ஆடுகளோடு இருக்கும் நான் அதைக் கவனிக்கவில்லை. அவன் கடைசிவரை எந்த ஆட்டையும் தொடவில்லை. மருந்து கட்டும்போது வேலிக்கு வெளியிலிருந்து விளக்கைப் பிடித்துக்கொண்டான்.

உங்கள் மகளுக்கும் இப்படி ஒரு வேலை கிடைக்கும்படி செய்யுங்கள். தண்ணீர்த் தொட்டியை வெளியிலிருந்து நிரப்புவது, முட்டைகளை எண்ணி எழுதுவது, தழை நறுக்குவது எல்லாம் கோழியின் பக்கத்தில் போகாமலே செய்யக்கூடியவை. ‘தொட்டுப் பார், ஒன்றும் செய்யாது’ என்று கையைப் பிடித்து இழுக்கும் பொறுப்பாளர் வேண்டாம். மூடிய காலணியும் மாற்று உடையும் கொடுத்து அனுப்புங்கள், திரும்பி வந்ததும் காலணி வாசலுக்கு வெளியிலேயே இருக்கட்டும். அவளுக்குக் கோழி என்றால் பயம் என்பதை முதல் நாள் காலையில் அவள் எதிரில் சொல்லாமல், முந்தின நாளே பொறுப்பாளரிடம் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.